ஒருமுறை வந்த பதிவும் ஒருமுறை காட்டப்படும் பதிவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்.கியூ.எல். மொழிப் பாடம் குறித்து வெளிவந்த கட்டுரையில், ஓர் அட்டவணையிலிருந்து இரட்டிப்பு இல்லாத பதிவுகளைக் கண்டெடுக்க வேண்டுமானால் செலக்ட் என்ற கட்டளையை அடுத்து டிஸ்டிங்க்ட் என்ற சொல்லைச் சேர்த்தால் போதும் என்று எழுதப்பட்டிருந்தது. வேலைக்கான தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வெட்டி எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளும் பக்கம் அது. ஆகவே அந்த வரியைத் திருத்தாமல் விட்டுவிடக் கூடாது என்று இதை எழுதுகிறேன். ஈரோடு, பெருந்துறை வட்டாரத்தில் மஞ்சள் கிடங்குகளுக்கும் பால் சங்கங்களுக்கும், அவ்வப்போது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். கடிதம் சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டளைச் சொற்களையும் புலங்களின், அதாவது அட்டவணை நெடுவரிசைகளின், பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் இடும்போது கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் இட வேண்டும் என்பது படிப்பவர்களுக்குத் தெரிந்ததே.

ஒரு சங்கத்தின் உறுப்பினர் அட்டவணையில் ஊர் என்றொரு புலம் இருப்பதாகவும், அதில் அரச்சலூர் மூன்று பதிவுகளிலும், கொடுமுடி இரண்டு பதிவுகளிலும், சிவகிரி ஒரே ஒரு பதிவிலும் வந்திருப்பதாகவும் கொள்வோம். 'செலக்ட் டிஸ்டிங்க்ட் ஊர் ஃப்ரம் உறுப்பினர்' என்று கேட்டால் மூன்று ஊர்களும் ஒவ்வொரு தடவை வரும். 'செலக்ட் ஊர் ஃப்ரம் உறுப்பினர் குரூப் பை ஊர் ஹேவிங் கவுண்ட்(*) = 1' என்று கேட்டால் சிவகிரி மட்டுமே வரும். குரூப் பை பதிவுகளை ஊர்வாரியாகக் குழுக்களாக்குகிறது, கவுண்ட் எண்ணுகிறது, ஹேவிங் அந்த எண்ணிக்கைக்கு நிபந்தனை வைக்கிறது. அட்டவணையில் என்னென்ன ஊர்கள் உள்ளன என்பது முதல் கேள்வி. எந்த ஊருக்கு இன்னொரு பதிவு இல்லை என்பது இரண்டாவது கேள்வி. கட்டுரை கேட்டது இரண்டாவதை, விடையாகத் தந்தது முதலாவதை. மூன்று பதிவுகள் உள்ள அரச்சலூரை இரட்டிப்பு இல்லாத பட்டியலில் சேர்த்துக் காட்டும் வினவலை, அதாவது கேள்விக் கட்டளையை, மாணவர்கள் சரியென்று மனப்பாடம் செய்துகொள்வார்கள். ஹேவிங் பகுதியில் ஒன்றுக்குச் சமம் என்பதை ஒன்றைவிட அதிகம் என்று மாற்றினால் அரச்சலூரும் கொடுமுடியும் வரும், அதாவது இரட்டித்தவை மட்டும் வரும். எண்ணிக்கையின் மீது வைக்கும் இந்த நிபந்தனையை எந்தப் பதிவுகளை எடுப்பது என்று சொல்லும் 'வேர்' பகுதியில் எழுதினால் கணினி ஏற்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வேர், பதிவுகளைக் குழுக்களாகப் பிரிப்பதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிடுகிறது. எண்ணிக்கையோ பிரித்த பிறகுதான் பிறக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு எஸ்.கியூ.எல். மொழியின் பிறப்பிலேயே ஒரு காரணம் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970 இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்த தொடர்புநிலைத் தரவு மாதிரியில், அட்டவணை என்பது கணிதத்தில் சொல்லும் கணம். கணத்தில் ஓர் உறுப்பு இருமுறை வருவதற்கு இடமே இல்லை. அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974 இல் அறிமுகப்படுத்திய மொழியோ இரட்டிப்பை அனுமதித்தது. பல்லாயிரம் பதிவுகளில் ஒன்றுபோல் உள்ளவற்றைக் களைய வேண்டுமென்றால் அவற்றை வரிசைப்படுத்தவோ வேறு வகையில் தொகுக்கவோ வேண்டியிருக்கும். அது செலவு பிடிக்கும் வேலை. எனவே கேட்டால் மட்டும் களைவது என்று ஆயிற்று. 1986 இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு இம்மொழியைத் தரப்படுத்திய பிறகும் நிலை அதுவே. எதை ஒன்றுபோல் என்று கருத வேண்டும், ஒன்றுபோல் இருப்பதை என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு, இவ்வாறாக, வினவல் எழுதுபவரிடமே வந்து சேர்ந்துவிட்டது.

ஊரின் பெயரை மட்டும் கேட்டால் மேற்சொன்ன வினவல் போதும். ஆனால் அலுவலகத்தில் கேட்பது முழுப் பதிவை: சிவகிரிக்காரர் யார், உறுப்பினர் எண் என்ன, சேர்ந்த நாள் எது என்பதை. இங்கே பலர் செலக்ட் பகுதியில் எல்லாப் புலங்களையும் அடுக்கிவிட்டுக் குரூப் பை பகுதியில் ஊரை மட்டும் எழுதுவார்கள். மைஎஸ்கியூஎல் மென்பொருளின் பழைய பதிப்புகள் இதை மறுக்காமல் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஏதோ ஒரு பதிவின் விவரத்தை எடுத்துக் கொடுத்துவிடும், 5.7 பதிப்பிலிருந்துதான் இயல்பாகவே இது பிழை என்று நிறுத்தப்படுகிறது. ஒரே ஒரு பதிவு உள்ள குழுக்களை மட்டும் எடுக்கும்போது ஓர் எளிய வழி உண்டு. மின்(உறுப்பினர்_எண்) என்று கேட்டால், குழுவில் இருப்பதே ஒரு பதிவு என்பதால், மிகச் சிறிய எண்ணும் அந்தப் பதிவின் எண்ணும் ஒன்றே. பார்க்க ஏதோ தந்திரம் போலத் தெரிந்தாலும் இது முற்றிலும் சரியான வழி, எல்லா மென்பொருள்களிலும் செல்லும்.

நிறைய புலங்கள் வேண்டுமென்றால் கவுண்ட்(*) ஓவர் (பார்ட்டிஷன் பை ஊர்) என்ற சாளரச் சார்பு வசதியானது. அது பதிவுகளைச் சுருக்குவதில்லை. ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் அதன் குழுவில் எத்தனை பேர் என்ற எண்ணை எழுதி வைக்கிறது. அதை இன்னொரு வினவலுக்குள் வைக்கும் ஓர் உள்வினவலாக்கி, எண் ஒன்றாக உள்ளவற்றை வெளியே வடிகட்டிக்கொள்ளலாம். 2003 ஆம் ஆண்டின் தரத்தில் இடம்பெற்ற இவ்வசதி மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் இரண்டுக்கும் 2018 இல்தான் வந்து சேர்ந்தது. பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகங்களில், இதே ஊரும் வேறு உறுப்பினர் எண்ணும் கொண்ட இன்னொரு பதிவு இல்லை என்று நாட் எக்சிஸ்ட்ஸ் கொண்டு கேட்பது ஒரு வழி.

இந்த வழிகள் யாவும் ஒரே விடையைத்தான் தரும் என்று பாடநூல்களில் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். வெற்றுமதிப்பு இல்லாத புலத்தில் அது உண்மை. கைப்பேசி எண் என்ற புலத்தை எடுத்துக்கொள்வோம். எண் தராத 40 உறுப்பினர்கள் இருந்தால், அப்புலத்தில் அவர்களுக்கு 'நல்' எனப்படும் வெற்றுமதிப்பு இருக்கும். குரூப் பை அந்த 40 பேரையும் ஒரே குழுவாகக் கட்டிவிடும். குழுவின் எண்ணிக்கை 40 என்பதால், ஒருமுறை மட்டும் வந்தவர்கள் பட்டியலிலிருந்து அத்தனை பேரும் விடுபட்டுப் போவார்கள். நாட் எக்சிஸ்ட்ஸ் வழியில், சமக் குறியிட்டு ஒப்பிடும்போது, வெற்றுமதிப்பு எதற்கும் சமமாவதில்லை. இன்னொரு வெற்றுமதிப்புக்குக்கூடச் சமமாவதில்லை. ஆகவே 40 பேரும் இணை இல்லாதவர்களாகப் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். உள்வினவலின் விடையில் இல்லாதவற்றைக் கேட்கும் நாட் இன் என்று எழுதி, உள்வினவலின் விடையில் ஒரே ஒரு வெற்றுமதிப்பு புகுந்துவிட்டாலோ ஒருவர் பெயரும் வராது, பட்டியலே காலியாக நிற்கும். மூன்று வினவல்களுக்கு மூன்று விடைகள். கணினி மூன்றையும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தரும். எண் தராதவரை என்னவென்று கொள்வது என முதலில் முடிவு செய்து, வேர் பகுதியில் அதை வெளிப்படையாக எழுதிவிடுவதுதான் முறை.

கட்டுரையில் நான் முக்கியமாகக் கருதும் குறை இதற்கும் அப்பால் உள்ளது. எந்தெந்தப் புலங்கள் ஒத்திருந்தால் இரண்டு பதிவுகள் ஒன்றே என்று கொள்வது என்ற கேள்வியை அது எழுப்பவே இல்லை. பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. பழனிசாமி, முத்துசாமி, மருதாசலம், சென்னியப்பன், நாச்சிமுத்து என்று மலையின் பெயரையும் சாமியின் பெயரையும் பலருக்கும் வைக்கும் நம் கொங்குப் பகுதியில் அந்த வரியை நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதை இவ்வூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெயருடன் தந்தை பெயரையும் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்பார்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உள்ள வீட்டில், முத்துசாமியின் மகன் பழனிசாமி, அவர் மகன் முத்துசாமி, அவர் மகன் மீண்டும் பழனிசாமி என்று தலைமுறைகள் மாறிமாறி வரும். மூத்த பழனிசாமிக்கும் தந்தை பெயர் முத்துசாமி, இளைய பழனிசாமிக்கும் தந்தை பெயர் முத்துசாமி. ஊர் ஒன்று, தோட்டத்தின் பெயர் ஒன்று, முகவரி ஒன்று. வீட்டில் ஒரே கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தால் அதுவும் ஒன்று. ஆறு புலங்களும் அச்சு அசலாக ஒத்திருந்தும் பாட்டனும் பேரனும் இருவேறு உறுப்பினர்கள். இருவரில் ஒருவரை இரட்டைப் பதிவு என்று நீக்கினால், பங்குத்தொகை ஒருவருக்கு நின்றுபோகும். பிறந்த ஆண்டு என்ற ஒரு புலம் இருந்திருந்தால் இந்தச் சிக்கல் எழுந்திருக்காது. அதை எத்தனை சங்கங்களின் விண்ணப்பப் படிவத்தில் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

ஆட்கள் விஷயத்தில் இப்படி என்றால், கொடுக்கல் வாங்கலில் இன்னும் கவனம் வேண்டும். பால் சங்கத்தில் ஒரே உறுப்பினர் காலையில் 4.5 லிட்டரும் மாலையில் 4.5 லிட்டரும் ஊற்றுகிறார். வினவலில் உறுப்பினர் எண், தேதி, அளவு ஆகிய மூன்றையும் டிஸ்டிங்க்டுடன் கேட்டு, வேளை என்ற புலத்தை விட்டுவிட்டால், இரண்டு பதிவுகள் ஒன்றாகிவிடும். மாலைப் பால் கணக்கில் இராது. மஞ்சள் ஏலத்திலும் அப்படியே. ஒரு விவசாயி ஒரே நாளில் விரலி மஞ்சளில் இரண்டு லாட் கொண்டுவந்து, இரண்டிலும் பத்துப் பத்து மூட்டைகள் இருந்து, இரண்டும் ஒரே விலைக்குப் போயிருக்கலாம். லாட் எண் இல்லாமல் பார்த்தால் அவை ஒரே பதிவின் இரு நகல்களாகவே தெரியும். இதைவிட மோசமானது கூட்டுத்தொகை தரும் சம் சார்பில் சம்(டிஸ்டிங்க்ட் தொகை) என்று எழுதுவது. இரு வேறு விவசாயிகளுக்குத் தலா ரூ.48,600 கொடுக்க வேண்டியிருந்தால், அந்தத் தொகை கூட்டலில் ஒருமுறைதான் சேரும். வேறு அட்டவணையை இணைத்ததால் பதிவுகள் பெருகிப்போய்க் கூட்டுத்தொகை ஏறிவிட்டது என்று கண்டு, அந்த இணைப்பைச் சரிசெய்யாமல் டிஸ்டிங்க்டைத் தூவி அடக்கப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள். கூட்டுத்தொகை குறைந்ததும் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒருமுறை மட்டும் வந்த பதிவுதான் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் துணி பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் பனியன் ஆவதில்லை. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடத்துக்குச் சலான் போட்டு அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். அனுப்பும்போது ஒரு பதிவு, வந்ததும் அதே சலான் எண்ணில் இன்னொரு பதிவு என்று வைத்திருந்தால், குரூப் பை சலான்_எண் ஹேவிங் கவுண்ட்(*) = 1 என்ற வினவல் இன்னும் திரும்பி வராத துணியின் பட்டியலை நொடியில் எடுத்துக் கொடுக்கும். டிஸ்டிங்க்டை இங்கே போட்டால் எல்லாச் சலானும் வரும், ஒரு பயனும் இராது. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. அனுப்பிய பதிவையே ஊழியர் தவறி இருமுறை ஏற்றிவிட்டால் எண்ணிக்கை இரண்டாகி, வராத துணி வந்ததாகக் கருதப்பட்டுப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். சாயப்பட்டறை பாதியை இன்றும் மீதியை அடுத்த வாரமும் அனுப்பினால் எண்ணிக்கை மூன்றாகும். ஆகவே அனுப்பியவற்றைத் தனியாகவும் வந்தவற்றைத் தனியாகவும், சம் உள்ளே கேஸ் நிபந்தனை வைத்து, கிலோ கணக்கில் கூட்டி ஒப்பிடுவதே உறுதியான வழி. எண்ணிக்கை ஒன்றா என்று பார்ப்பது முதல் சல்லடையாக இருக்கலாம், அவ்வளவே.

தமிழில் தரவு ஏற்றுபவர்களுக்கு நேரும் ஒரு சங்கடத்தை ஆங்கில வழிப் பாடநூல்கள் சொல்வதில்லை. யூனிகோட் என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் ஒகர உயிர்மெய்க்குரிய குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் அமைப்பில் கணினிக்கு அவை வேறு. கொடுமுடி, பொள்ளாச்சி, மொடக்குறிச்சி என்று நம் பக்கத்து ஊர்ப்பெயர்களின் முதலெழுத்திலேயே இந்தக் கண்ணி இருக்கிறது. இரு வேறு விசைப்பலகைகளில் ஏற்றிய கொடுமுடி இரண்டும் இரண்டு குழுக்களாகி, ஒவ்வொன்றும் எண்ணிக்கை ஒன்று என்று, இரட்டிப்பு இல்லாத ஊர்களின் பட்டியலில் அடுத்தடுத்து இருமுறை வந்து நிற்கும். பார்ப்பவருக்குக் கணினிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாகத்தான் தோன்றும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 13 ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2020 முதல், நார்மலைஸ் என்ற சார்பு இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கித் தருகிறது; குரூப் பை பகுதியிலேயே அதை இட்டு எழுதலாம்.

ஔகாரத்தில் அதுவும் கைகொடுக்காது. கௌந்தப்பாடி என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் கெளந்தப்பாடி என்று ஏற்றியவர்கள் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், யூனிகோட் விதிப்படி அவை ஒரே எழுத்தின் இரு வடிவங்கள் அல்ல, வேறு வேறு எழுத்துகள். கவுந்தப்பாடி என்பதே பெருவழக்கு என்பதால் அந்த வடிவமும் சேர்ந்துகொள்ளும். அவிநாசியும் அவினாசியும், ஊத்துக்குளியும் ஊற்றுக்குளியும் இதே வகை. இவற்றுக்கு எந்த வினவலும் மருந்தாகாது. ஊர்களுக்கென்று தனி அட்டவணை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, உறுப்பினர் அட்டவணையில் அந்த எண்ணை மட்டும் ஏற்ற வேண்டும். சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடத்தை ட்ரிம் கொண்டு களைவதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இரட்டிப்பைப் பிறகு தேடுவதைவிட ஏற்றும்போதே தடுப்பது மேல் என்று கட்டுரை முடிந்திருந்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்னும் யுனீக் என்ற கட்டுப்பாட்டை, ஏற்கெனவே இரட்டிப்பு உள்ள புலத்தின் மீது கணினி போடவே விடாது. முதலில் ஹேவிங் கவுண்ட்(*) > 1 கொண்டு உள்ளவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஆளைக் கேட்டு உறுதிசெய்து தீர்க்க வேண்டியிருக்கும். அதன் பின்னும் வெற்றுமதிப்பு தன் வேலையைக் காட்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் இரண்டும் யுனீக் புலத்தில் எத்தனை வெற்றுமதிப்புகளை வேண்டுமானாலும் இயல்பாக ஏற்கும்; மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் ஒன்றுக்கு மேல் ஏற்காது. 2022 இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 15 ஆம் பதிப்பு, இரண்டில் எது வேண்டும் என்பதை எழுதுபவரிடமே விட்டிருக்கிறது. மென்பொருளை மாற்றும் நிறுவனங்கள் இதைப் பார்க்காமல் தரவை நகர்த்திவிட்டு, பாதியில் பிழைச் செய்தி வந்து நிற்பதைப் பார்க்கிறேன்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் மாணவர் பக்கத்தில், ஆறு பதிவுகள் கொண்ட ஒரு சிறு அட்டவணையை அச்சிட்டு, டிஸ்டிங்க்ட் வினவலையும் ஹேவிங் வினவலையும் அவற்றின் விடைகளோடு பக்கத்துப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். ஆறில் ஒரு பதிவின் கைப்பேசிப் புலத்தையாவது வெறுமையாக விட்டிருந்தால் நல்லது. முந்தைய கட்டுரையை வெட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கும்படி, திருத்தம் என்ற தலைப்பிலேயே அது வர வேண்டும். அட்டவணையைத் தயாரித்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நானே எழுதி அனுப்பச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பெருந்துறை,
ஈரோடு மாவட்டம்.